இருபத்தெட்டுத் துணிப்பைகள்

லிஃப்ட்காரர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பூமி இருபத்துமூன்று முறை காப்பாற்றப்பட்டுக் கிடந்தது. ஒவ்வொரு துணிப்பையின் மேலும் பச்சை எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது: 'பூமியைக் காப்போம்.' கீழே ஓர் இலை. சில பைகளில் இலைக்குப் பதிலாகக் கிளி. அச்சு கொஞ்சம் நகர்ந்துவிட்டதால் கிளிக்கு இரண்டு மூக்கு.

கடைகளில் பிளாஸ்டிக் பை தரக் கூடாது என்று சட்டம் வந்து நாலு வருஷம் ஆகிறது. பை இல்லாமல் போனால் சாமானை விற்பார்கள், தூக்கிக்கொண்டு போக வழி சொல்லமாட்டார்கள். வேண்டுமென்றால் பில் போடும் இடத்திலேயே ஒரு துணிப்பை வாங்கிக்கொள்ளலாம். "பை வேணுமா சார்?" என்று பில் போடும் பெண் கேட்பாள். அந்தக் குரலில் கேலியும் கிடையாது, இரக்கமும் கிடையாது. லிஃப்டுக்குள் 'கதவுகள் மூடுகின்றன' என்று சொல்லும் குரலுக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. முதல் மூன்று வருஷம் அவள் லிஃப்ட்காரரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க நேரவே இல்லை.

ஏனென்றால் அவரிடம் பை இருந்தது. பழைய ஜன்னல் திரையை வெட்டி மனைவி தைத்த பை. மண் நிறத்தில் வெள்ளைக் கோடு போட்டது. பத்துக் கிலோ தாங்கும், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். டூல் பேக்கின் சைடு பாக்கெட்டில் இருக்கும். அந்த வீட்டில் சாமான்கள் அப்படித்தான். பாட்டிலில் தண்ணீர் இருக்கும், சட்டையில் கைக்குட்டை இருக்கும், மழை வருகிற மாதத்தில் வண்டிப் பெட்டிக்குள் மழைக்கோட்டு இருக்கும். கடலில் உப்பு இருக்கிற மாதிரி அதது அதனதன் இடத்தில் இருந்தது.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் வெங்காயம், பீன்ஸ், சோப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு சைடு பாக்கெட்டுக்குள் கையை விட்டார். ஒரு ஸ்க்ரூ டிரைவர் அகப்பட்டது. "பை வேணுமா சார்?" என்றாள் அந்தப் பெண். இலை போட்ட பை ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், ஜன்னல் திரைப் பை சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "மறந்துட்டேன்மா, மன்னிச்சுக்கோ" என்றார் வாசலிலேயே. மனைவி புதுப் பையைப் பார்த்தாள். ஆணியில் தொங்குவதைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், சாமானை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டாவது பை வர நாற்பத்தொரு நாள் ஆயிற்று. மூன்றாவதற்கு அவ்வளவு நாள் ஆகவில்லை. பத்தாவது பை வந்தபோது அவருடைய மன்னிப்புக்கு ஒரு நிலையான வடிவம் வந்துவிட்டது; செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். அவளும் அதே மாதிரி வாயைத் திறப்பாள், மூடுவாள், பையை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். சாமானை எடுத்து வைத்தபின் காலிப் பை கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும்.

வேறு ஆளாக இருந்தால் இதில் ஒன்றுமில்லை. உலகத்தில் பாதி ஆண்பிள்ளைகள் பையை மறக்கிறார்கள், மீதிப் பாதி சாமானையே மறக்கிறார்கள். ஆனால் லிஃப்ட்காரருக்கு இரண்டு காரணங்களால் இது சின்ன விஷயமாகப் படவில்லை.

ஒன்று, அவருடைய வேலை. முப்பத்தொரு வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறார். அந்த வேலையில் மறதி என்ற பேச்சுக்கே இடமில்லை. மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் ஒரு பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்ட பிறகுதான் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறுவார். எந்த நட்டை முடுக்கினாலும் அதன் தலையில் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு. அவரோடு ஜோடி சேர்ந்து வேலை செய்பவருக்குப் பெயர் எட்டாம்மாடி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அரை நாள் மாட்டிக்கொண்டவர்; வெளியே வந்தபோது அந்தப் பெயர் வாசலில் காத்திருந்தது. "எங்க ஆளு செத்தாலும் சாவியைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டுத்தான் சாவாரு" என்று எட்டாம்மாடி பெருமையாகச் சொல்வார். அது பாராட்டு.

இன்னொரு காரணம், அண்ணன். ஆரம்பத்தில் குடையை மறந்தார். பிறகு குழாயை மூட மறந்தார். பிறகு சொந்த வீட்டுக் கேட்டைத் தாண்டிப் போய்ப் பக்கத்துக் கேட்டைத் தட்டினார். ஒருநாள் அண்ணியைப் பார்த்து மிகவும் மரியாதையாக, "நீங்க யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கடைசி ஆறு மாதம் அண்ணிக்குத் துணையாகப் போய் அவருக்குச் சோறு ஊட்டியது லிஃப்ட்காரரின் மனைவிதான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அண்ணனுக்கு வந்தது தம்பிக்கு வராது என்று யார் உத்தரவாதம் தருவது?

இப்படி இருக்கும்போது ஒருநாள் ரோப் சோதனை வந்தது. லிஃப்டைத் தூக்கிப் பிடிக்கும் இரும்பு ரோப் ஒவ்வொன்றும் நூற்றுக்கு மேற்பட்ட மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்தது. அதில் ஒரு கம்பி அறுந்தால் முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. ரோப்பைச் சுற்றி ஒரு துணியை லேசாகப் பிடித்துக்கொண்டு லிஃப்டை ஆமை வேகத்தில் விட்டால், அறுந்த இடத்தில் துணி மாட்டும். ஒன்றிரண்டு அறுந்தால் குடி முழுகிப் போகாது, எழுதி வைத்துக்கொள்வார்கள். குறிப்பிட்ட நீளத்துக்குள் இத்தனைக்கு மேல் போனால் ரோப்பைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும். எத்தனை என்பதற்கு அட்டவணை இருக்கிறது. லிஃப்ட்காரருக்கு உலகத்தில் பிடித்த சில விஷயங்களில் அந்த அட்டவணையும் ஒன்று.

அன்றைக்குத் துணி தீர்ந்துபோயிருந்தது. கட்டிலுக்கு அடியில்தான் இருபத்துமூன்று கிடக்கிறதே என்று அதிலிருந்து ஒரு பையை உருவிக்கொண்டு போயிருந்தார். பதினோரு மாடிக்கு மேலே மெஷின் ரூமில் எட்டாம்மாடி அதை வாங்கித் தையலைப் பிரித்துக் கிழித்தார். பாதி கிழித்ததும் நிறுத்தினார்.

"இதென்னப்பா, உள்ள தேதி போட்டிருக்கு? பை காலாவதி ஆகுமா?"

உள்தையலை ஒட்டி நீல மையில் ஒரு தேதி. அச்சடித்தது இல்லை, கையால் எழுதியது. கையெழுத்து மனைவியுடையது. அவள் மருந்துக்கடையில் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவள். மாத்திரைப் பெட்டியில் எழுதுவதற்கு அழியாத மை பேனா ஒன்றைக் கைப்பையில் வைத்திருப்பாள். தேதி போடாத எதையும் அவள் நம்புவதில்லை.

அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து, மிச்சம் இருபத்திரண்டு பைகளையும் இழுத்துப் போட்டு ஒவ்வொன்றையும் உள்புறம் திருப்பினார். எல்லாவற்றிலும் தேதி இருந்தது. தரையில் வரிசையாக அடுக்கினார். முதல் பைக்கும் இரண்டாவதற்கும் நாற்பத்தொரு நாள். அப்புறம் முப்பது. அப்புறம் இருபத்திரண்டு. பதினாறு, பதினான்கு, பதினொன்று. கடைசி இரண்டுக்கும் நடுவில் நாலே நாள். கம்பி அறுந்த ரோப்பை எத்தனையோ முறை அவர் இப்படி எண்ணியிருக்கிறார். எந்த ரோப்புக்கும் எண்ணி முடித்ததும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்ததில்லை; இன்றைக்கு ஆரம்பித்தார்.

மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டே பேர். தேதி போட்டது யார் என்று துப்புத் துலக்க வேண்டியதில்லை, எதற்கு என்றும் அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணனைப் பார்த்துக்கொண்டவள் அவள். அடையாளங்கள் அத்தனையும் அவளுக்குத் தெரியும். தன்னைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறாள். அதைவிட ஒன்று அவரை அறுத்தது. ஒன்பது மாதமாக ஒரு தடவைகூட அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூளை உள்ளவனைத்தான் பெண்டாட்டி திட்டுவாள். அண்ணனைக் கடைசி ஒரு வருஷம் அண்ணி திட்டவே இல்லை.

கேட்டுவிடலாமா என்று நினைத்தார். வாயைக் கொடுத்து, அவள் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால்? அவளுக்கும் நேரம் சரியில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் முழங்கால் வலி என்று சொல்லி, மருந்துக்கடைக் கவுண்டரிலிருந்து உள்ளே ஸ்டோர் ரூமுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். அவளை இன்னும் படுத்துவானேன் என்று பைகளை எடுத்தது எடுத்தபடியே வைத்தார். கிரீஸ் பட்டுக் கிழிந்ததையும் மடித்து அடியில் சொருகினார். பிறகு, வேலைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் தனக்கென்று ஓர் அட்டவணை எழுதினார். சோதனைக் காலம் ஒரு மாதம். நாலு பை வரைக்கும் பொறுக்கலாம். ஐந்தாவது பை வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றுவிடுவது.

சோதனை என்றால் சோதனையாக நடக்க வேண்டும். ரோப்பைச் சோதிக்கப் போகிறோம் என்று முந்தின நாள் எண்ணெய் பூசிப் பளபளப்பாக்குகிறவன் அயோக்கியன். எனவே காலையில் சைடு பாக்கெட்டைத் திறந்து பார்க்கக் கூடாது. ஃபோனில் அலாரம் வைக்கக் கூடாது. விரலில் நூல் கட்டிக்கொள்ளக் கூடாது. எப்போதும் போல இருக்க வேண்டும். பை விஷயத்தில் எப்போதும் என்ன செய்வோம் என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தார். தனியாக ஒன்றும் செய்வதில்லை என்று தோன்றியது. அப்படியே ஒன்றும் செய்யாமல் இருந்தார்.

முதல் வாரம் நாலு தடவை கடைக்குப் போனார். நாலு தடவையும் பை இருந்தது. நாலாவது தடவை சந்தோஷத்தில் தேவையில்லாமல் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கினார். வாசலில் அவரிடம் மன்னிப்புக்குப் பதிலாக ஒரு சிரிப்பு இருந்தது. ஜன்னல் திரைப் பையைப் பார்த்ததும் மனைவியும் சிரித்தாள். இரண்டு பேரும் ஆப்பிள் சாப்பிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் சைடு பாக்கெட்டில் ஸ்க்ரூ டிரைவர்தான் இருந்தது. பதிமூன்றாம் நாள் மறுபடியும். அன்றிலிருந்து அவருக்கு வேலையே ஓடவில்லை. பிரேக்கின் நட்டை முடுக்கி, சிவப்புக் கோடு போட்டு, கீழே இறங்கி வந்து தெருவில் காலை வைத்ததும் ஒரு சந்தேகம் வரும். திரும்ப ஏறிப் போவார். கோடு இருக்கும். 'கோட்டைப் போட்டுவிட்டு நட்டை முடுக்காமல் விட்டிருந்தால்?' என்று ஸ்பானரை வைத்துப் பார்ப்பார். நட்டு அசையாது. ஒரு மணி நேர வேலைக்கு அரை நாள் ஆயிற்று. நாங்கள் என்ன மலையேறவா வீடு வாங்கினோம் என்று குடியிருப்புக்காரர்கள் எட்டாம்மாடியிடம் கேட்க ஆரம்பித்தார்கள்.

பதினாறாம் நாள் மூன்றாவது. இருபதாம் நாள் நாலாவது. அதற்கு மறுநாள் மெஷின் ரூமில் எட்டாம்மாடி விஷயத்தைப் பிடுங்கிவிட்டார். லிஃப்ட்காரர் அட்டவணையைக் காட்டினார், அண்ணனைப் பற்றிச் சொன்னார். தினமும் கூண்டுக்குள் ஏறி நின்றுகொண்டு ஃபோனைப் பார்க்கிற ஜனங்கள் இரும்பு ரோப்பில் தொங்குவதாக நினைக்கிறார்கள், தொங்குவது என் ஞாபகத்தில்தான் என்றார். அந்த வேலையை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். பிரேக் விடுபடும்போது வரும் சின்னச் சத்தத்தை வைத்தே அது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்வார். அதை இனிக் கேட்கப் போவதில்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுவதற்கு மெஷின் ரூம் தோதான இடம். மோட்டார் சத்தத்தில் வெளியே கேட்காது. எட்டாம்மாடி திரும்பி நின்றுகொண்டு, சுத்தமாக இருந்த ஒரு சுவிட்ச் பெட்டியை வெகுநேரம் துடைத்தார்.

இருபத்துநாலாம் நாள் எட்டாம்மாடியும் கடைக்குக் கூடவே வந்தார். எனக்கும் உப்பு வேண்டும் என்றார். அவர் வீட்டில் உப்பு வாங்கி வைக்கிற பொறுப்பு அவருடையதாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பில் போடும் இடத்தில் லிஃப்ட்காரர் சைடு பாக்கெட்டின் ஜிப்பை மெதுவாகத் திறந்தார். உள்ளே கையை விட்டார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"பை வேணுமா சார்?"

வேண்டும் என்று தலையசைத்தார்.

"கிளியா, இலையா?"

கிளி என்றார். வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்ததும் பாக்கெட்டிலிருந்து பூட்டுச் சாவியை எடுத்து எட்டாம்மாடியின் கையில் வைத்தார். வீட்டில் சொல்லியாகிவிட்டதா என்று எட்டாம்மாடி கேட்டார். இனிமேல்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்றார் இவர். அப்படியானால் சொல்லிவிட்டு வா, ஆபீசுக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அதுவரைக்கும் இது என் பாக்கெட்டில் இருக்கட்டும் என்று எட்டாம்மாடி சாவியை வாங்கிக்கொண்டார். உப்பை வாங்க மறந்துவிட்டிருந்தார். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் எப்போதும் வரும் மன்னிப்பு அன்று வரவில்லை. அவள் நிமிர்ந்து கிளிப் பையைப் பார்த்தாள். லிஃப்ட்காரர் நேராகக் கட்டிலுக்குப் போய், அடியில் கிடந்த பைகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டார்.

"கொஞ்சம் உக்காரு. ஒண்ணு சொல்லணும்" என்றார்.

அவள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

இந்தத் தேதிகளை நான் பார்த்து ஒரு மாதமாகிறது என்று ஆரம்பித்தார். அவள் முகம் செத்துப் போயிற்று. ஒரு மாதமாகத் தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றாள். நீயும்தான் பத்து மாதமாக ஒன்றும் சொல்லவில்லை என்றார் அவர். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றாள். சொல்ல வேண்டாம், எனக்காக நீ பயப்படவும் வேண்டாம், நானே முடிவெடுத்துவிட்டேன் என்றார்.

"சாவியைக் கொடுத்துட்டேன்."

"எந்தச் சாவி?"

"வேலைச் சாவிதான். இருபத்தெட்டு தடவை பையை மறந்தவன் லிஃப்டைத் தொடக் கூடாது. அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கு. உனக்குத் தெரிஞ்சுதான தேதி போட்டு வெச்சிருக்க."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு பைகளைப் பார்த்தாள். பிறகு மறுபடி அவரை.

"பையை நீங்க மறந்தீங்களா?"

"பின்ன?"

"நீங்க எப்பங்க அந்தப் பையை எடுத்து வெச்சீங்க? மறக்கறதுக்கு?"

நாலு வருஷத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். கடையில் பையை உருவி எடுப்பது ஞாபகம் இருந்தது. வீட்டுக்குள் வந்து சமையலறைத் தரையில் வைப்பது ஞாபகம் இருந்தது. அடுத்தபடியாக ஞாபகம் இருந்தது, மறுபடி கடையில் உருவி எடுப்பது. நடுவில் அந்தப் பை எப்படிக் காலியானது, யார் துவைத்தார்கள், எந்தக் கை அதை மடித்து அந்த ஜிப்புக்குள் வைத்தது என்று தேடினார். ஒன்றும் இல்லை. மறந்துபோகவும் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி அவர் ஒன்றுமே செய்திருக்கவில்லை.

அவள் பீன்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காலைல பாட்டில்ல தண்ணி ஊத்தி வெக்கறப்ப இதையும் மடிச்சு உங்க பேக்ல வெப்பேன். இந்தப் பத்து மாசமா சில நாள் விட்டுப்போகுது. விட்டுப்போச்சுன்னே எனக்குத் தெரியாது. நீங்க புதுப் பையோட வாசல்ல வந்து நிப்பீங்க பாருங்க, அப்பதான் தெரியும். அன்னிக்கே தேதி போட்டுடுவேன். அது எனக்குப் போட்ட தேதிங்க."

சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கும் அவளே பதில் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறப்பேன், அதற்குள் நீங்களே செருப்பைக் கழற்றிக்கொண்டே பழியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வீர்கள் என்றாள். "மன்னிப்பு கேட்டீங்க. வாங்கி வெச்சுக்கிட்டேன்."

ஸ்டோர் ரூம் விஷயமும் வெளியே வந்தது. கவுண்டரில் ஒருநாள் ஒரு பெரியவருக்கு வேறொருவருடைய மாத்திரையை எடுத்து நீட்டிவிட்டாளாம். அவர் பார்த்துச் சொன்னதால் தப்பித்தது. அன்றைக்கே முழங்கால் வலி என்று முதலாளியிடம் சொல்லி உள்ளே போய்விட்டாள். ஸ்டோர் ரூமில் நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்க வேண்டும், முழங்கால் வலிக்காரி எவளாவது அந்த வேலையைக் கேட்டு வாங்குவாளா என்று இதுவரை ஓர் ஆள்கூடக் கேட்கவில்லை என்றாள். ஓர் ஆள் என்று அவள் யாரைச் சொன்னாள் என்பதில் குழப்பம் இல்லை.

"உங்க அண்ணனுக்கு வந்தது உங்களுக்கு வந்துடுமோன்னுதான் நான் பயந்துக்கிட்டிருந்தேன். உங்க குடும்பத்துச் சொத்து எனக்கு எப்படி எழுதி வெச்சாங்கன்னு தெரியல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுபோய், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

லிஃப்ட்காரருக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. தன் மூளை முழுசாக இருக்கிறது, பிரேக் சத்தத்தை இன்னும் பல வருஷம் கேட்கலாம் என்ற நிம்மதி. ஒரே ஒரு நொடி. அடுத்த நொடி அந்த நிம்மதியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் கூசிப்போய் நின்றார். ஒரு மாதமாகத் தனக்காக அழுத அழுகை அத்தனையும் அவளுடையது. அதை அவள் பத்து மாதமாக, மோட்டார் சத்தம் இல்லாத வீட்டில், சத்தம் வராமல் அழுதிருக்கிறாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றுதான்.

"ரோப்ல ஒரு கம்பி அறுந்தா லிஃப்டை நிறுத்தறதில்லம்மா. எங்க அறுந்துச்சு, எப்ப அறுந்துச்சுன்னு எழுதி வெப்போம். நீ எழுதி வெச்சிருக்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம்."

"எண்ணிக்கை ஜாஸ்தியானா கழட்டிப் போட்டுடுவீங்க."

"அது ரோப்பு" என்றார்.

அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, இருபத்தெட்டாவது பையை உள்புறம் திருப்பி அன்றைய தேதியைப் போட்டாள். அவர் எட்டாம்மாடிக்கு ஃபோன் செய்து, சாவியை எடுத்து வை, மற்றதை நேரில் சொல்கிறேன் என்றார். பிறகு ஆணியில் தொங்கிய ஜன்னல் திரைப் பையை எடுத்து மடிக்கப் பார்த்தார். அது உள்ளங்கைக்குள் அடங்கவில்லை. முதலில் மூன்றாக மடித்துக் கைப்பிடிக் காதை உள்ளே விட வேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். நாலாவது தடவை அடங்கியது.

மறுநாள் காலை அந்தப் பையில்தான் மற்ற பைகள் அத்தனையையும் திணித்து மடியில் வைத்துக்கொண்டு டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். கிரீஸ் பட்டுக் கிழிந்ததையும் சேர்த்து இருபத்தெட்டு. டாக்டர் இவர்கள் வயதையொத்த ஓர் அம்மா. மனைவியிடம் நிறையக் கேள்வி கேட்டார். இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை என்றார். தேதி விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், மளமளவென்று கழித்தாள். மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். அவள் இரண்டு சொன்னாள். லிஃப்ட்காரர் மனசுக்குள் முயன்று பார்த்தார். அவருக்கும் இரண்டுதான் வந்தது. மூன்றாவதைச் சொல்லிக் கொடுக்க முடியாமல் தவித்தார்.

இது பல காரணத்தால் இருக்கலாம், சரிசெய்யக் கூடியதாகவும் இருக்கலாம், இப்போதே ஒன்றும் முடிவு கட்ட வேண்டாம் என்று சொல்லி டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதினார். பேனாவை மூடாமல் இந்தப் பக்கம் திரும்பினார்.

"வீட்ல கூட இருக்கறவர் நீங்கதான். நீங்க எப்பலேர்ந்து கவனிக்கிறீங்க?"

துணி மாட்டும் இடத்தை வைத்து, கண்ணுக்குத் தெரியாத கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற ஆள் அவர். பிரேக்கின் மூச்சை வைத்து ஆயுசு சொல்கிறவர். மடியில் இருபத்தெட்டுத் தேதிகள் இருந்தன. முதல் பையை எடுத்து, பத்து மாதம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது அவள் கவனித்தது. மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து" என்றார்.

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.